பிஸ்தா கலரு கமோடு

...சிரிக்காத நைனா. ஒதட்ட கடிச்சிகினு நின்னா எனுக்கு தெரியாதா? வந்தா சிரிச்சிடு, இந்த பில்டிங்கே சிரிச்சி முடிச்சிடுச்சி, நீ ஒருத்தன் தான் பாக்கி. நல்லா பாத்துக்க. பிஸ்தா கலரு! கல்யாண வூட்ல சின்ன கப்புல ஐஸ்கிரீமு குடுப்பான் பாரு, அதே கலரு. ஒலகத்துல எவனாவது பிஸ்தா கலருல கமோடு வாங்கி வூட்ல வெப்பானா? எங்கூட்டுக்காரு வெச்சிகிறாரு. செருப்ப வெளிய வுட்டுட்டு வா... வாணாம் வாணாம், போட்டுகினே வா, உள்ள ஒரே கலீஜு. நாலு நாளா மூடிய மூடி, அதுக்கு மேல சாக்கு போட்டு, அதுக்கு மேல பினாயில ஊத்தி வெச்சிகிறேன். மூக்க பொத்திக்க.

தவசிமுத்து கடைலேர்ந்து தானே வரே? தெரியும். திங்கக்கெழம அந்த ஹார்டுவேர்ஸ் கடைக்கு போன போட்டு, ஒரு பிளம்பர அனுப்புய்யான்னேன். வியாழக்கெழம அனுப்பிகிறான். பைப்பு விக்கிற சொல்ல மட்டும் "அக்கா, அக்கா"ன்னு வாய்ல தேனு வழியும். இன்னா? இன்னாமோ சொல்ல வர... இரு, நான் முழுசா சொல்லிடறேன். வியாதி இன்னான்னு தெரியாம நீ எப்டி மருந்து குடுப்பே?

இங்க மின்னாடி கெடந்தது பழைய கக்கூசு. ஹவுசிங் போர்டு கட்டின அன்னிக்கு வெச்சது, குந்திகினு போறது. நான் பாட்டுக்கு குந்திகினு தான் இருந்தேன், எனுக்கு இன்னா வந்துச்சி? ரெண்டு முட்டியும் போச்சு. குந்தினா எழ முடில, எழுந்தா நிக்க முடில. டாக்டராண்ட இட்டுகினு போனாரு. அந்த டாக்டரு இன்னா பண்ணாரு தெரியுமா? என் மூஞ்சிய கூட பாக்கல. எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல தூக்கி புடிச்சி பாத்துட்டு, "குந்தக்கூடாது, படி ஏறக்கூடாது"ன்னுட்டாரு. ரெண்டாவது மாடில குடியிருக்கிறவள படி ஏறாதன்னா, இன்னா, பலூன் கட்டிகினு பறக்கறதா? அன்னிக்கி ஏறினவ தான், ரெண்டு மாசம் ஆச்சி, கீழ எறங்கல. ஞாயித்துக்கெழம பூசையே டீவில தான் பாக்கறேன்.

சரி, வெஸ்டர்ன் மாத்திடலாம்னு மொதல்ல ஒரு மேஸ்திரிய கூப்ட்டாரு. அந்தாளு வந்தான். செவுத்த தட்டினான். காத வெச்சி கேட்டான். "உள்ள ஈரம் கீது"ன்னான். ஏன்டா, பாத்ரூம் செவுத்துல ஈரம் இல்லாம பின்ன ஊறுகாயா இருக்கும்? அப்பால சொன்னான் பாரு ஒரு ரேட்டு, ஒண்ணே கால் லட்சம்! இவரு, "எங்கிட்ட நாப்பதாயிரம் தான் கீது"ன்னாரு. அதுக்கு அவன் சொல்றான், "நாப்பதுக்கு ஒரு நல்ல கதவா மாட்டித் தரேன் சார், அத்த மூடிகினு உள்ள இன்னா வேணா பண்ணிக்கங்க." என் வூட்டு வாசல்ல நின்னுகினு! என் முட்டி மட்டும் அன்னிக்கி நல்லா இருந்திருந்தா, அவன் வந்த படியிலேயே உருண்டு போயிருப்பான்.

அவன் போனப்புறம் இவரு அந்த கக்கூச சாண் போட்டு அளந்தாரு. அப்பால மெதுவா சொல்றாரு, "சில்வியா, நானே பண்ணிடறேன்." இவரு பண்ணப்போறாரா! நோயலு இன்னா வேல பாக்கறாரு தெரியுமா உனுக்கு? மணலி ரோட்டுல கன்டெய்னர் யார்டு கீதே, அங்க பெரிய வண்டி ஓட்டறாரு. வூடு சைசுக்கு பொட்டிய தூக்கி ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சி அடுக்குவாரு. ஒரு விரக்கட தப்பாதாம், யார்டுல அல்லாரும் சொல்லுவாங்க. அதெல்லாம் யார்டுல. வூட்ல ஒரு ஆணி அடிக்க சொல்லு பாக்கலாம். மாதா படம் மாட்டறதுக்கு செவுத்துல ஏழு ஓட்ட போட்டாரு, எட்டாவதுல தான் ஆணி நின்னுச்சி. இன்னிக்கும் அந்த படத்துக்கு பின்னாடி செவுரு சல்லட மாரி கீது.

யாராண்ட கத்துகினாருன்னு கேளு. போன்ல! எவனோ வெள்ளக்காரன், பாத்ரூம் கட்றது எப்டின்னு வீடியோ போட்டுகிறான். இவரு ராவெல்லாம் காதுல மாட்டிகினு பாக்கறாரு. நானும் ஒரு நா எட்டி பாத்தேன். அவன் பாத்ரூம்ல கீழ கம்பளம் விரிச்சிகிறான் நைனா! கம்பளம்! பூச்செடி வெச்சிகிறான். ஒரு சொட்டு தண்ணி தரையில வுழல. அது பாத்ரூமா, பாதரு தங்கற ரூமா? நான் கேட்டேன், "ஏங்க, இவன் பக்கெட்ட எங்க வெப்பான், தண்ணி டிரம்ம எங்க வெப்பான்"ன்னு. பேசல. அது ஒரு பழக்கம், பேசமாட்டாரு. நீ எத்தினி பேசு, செவுத்தாண்ட பேசற மாரி தான்.

இன்னா, கழட்ட போறியா? கம்பி கிம்பி வுட்டு குத்தி பாக்கலியா? நேரா கழட்டறதா? சரி, உன் தொழிலு, உனுக்கு தெரியும். ஆனா பாத்து கழட்டு, கீறல் வுழக்கூடாது. பிஸ்தா கலரா இருந்தா இன்னா, ரெண்டு மாடி தோள்ல வெச்சி ஏத்தினாரு மனுசன். அண்ணாநகர்ல எவனோ பணக்காரன் வூட்ட இடிச்சானாம், அதுலேர்ந்து வந்த சாமானாம். பாதி வெலைக்கு கூட இல்ல, கால் வெலையாம். பின்னாடி பிளஷ் டேங்குக்கு மூடி இல்ல, பிளைவுட்டுல அறுத்து போட்டுகிறாரு. தூக்கிகினு வந்து வெச்சிட்டு, மூச்சு வாங்குது, வேர்வ ஊத்துது, மூஞ்சில அப்டி ஒரு சந்தோசம், "கலரு எப்டி கீது சில்வியா"ன்றாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "எவன் எச்சியையோ தூக்கிகினு வந்துகிறியே"ன்னேன். பின்ன? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு தான் சொல்லுவேன், எனுக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கெடையாது.

அந்த டைல்ஸ பாரு. செவுத்த பாருப்பா! வலப்பக்கம் பூவு, இடப்பக்கம் கல்லு டிசைனு, நேரா டால்பினு. டைல்ஸ் கடைல மிச்சம் மீதி பொட்டி கெடக்கும் பாரு, அதுல பொறுக்கிகினு வந்தது. டால்பினு படம் நாலு டைல்ஸ் சேந்தா ஒண்ணு வரும் போல. இதுல மூணு தான் இருந்துச்சி. தல இல்ல! ஒடம்பு கீது, வாலு கீது, தல எங்கன்னு கேட்டா, "அந்த எடத்துல கண்ணாடி மாட்டிக்கலாம்"ன்றாரு. அப்ப நான் கண்ணாடி பாத்தா, டால்பினு ஒடம்புக்கு என் தலயா? மூணாவது மாடி ஆவுடையம்மா வந்து பாத்துட்டு அப்டியே திரும்பிகினா. அரிசி மண்டி வெச்சிகிறாங்கல்ல, அவங்க வூட்டு பாத்ரூம்ல அல்லாம் ஒரே கலரு, சுடுதண்ணி மிஷினு வேற. "எங்க வீட்ல இருக்கிறது துபாய் டைல்ஸ்"ன்னு அவளா சொல்லுவா, நாம கேக்காமயே.

ஒரு மாசம் நைனா, ஒரு மாசம்! ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தான் வேல. அஞ்சர மணி பூச முடிச்சிட்டு வந்து லுங்கிய மடிச்சி கட்டுவாரு. கடவுளே ஏழாவது நாளு ஓய்வு எடுத்தாரு, இவரு எடுக்கல. சுத்தியால அடிச்சா பாரு, பில்டிங்கே ஆடுது. கீழ் வூடு பூட்டி கெடக்கு, அதனால தப்பிச்சோம். அந்த ஒரு மாசம் நான் எங்க போனேன்னு கேளு. எதிர் வூட்டு லுப்னா வூட்டுக்கு! அவ வூட்டு கமோடுக்கு! அவ தங்கம், ஒரு நா மூஞ்ச சுளிக்கல. அவ வூட்டுக்காரு தான், காத்தால ஆறு மணிக்கு உள்ள போனாருன்னா ஏழு வரைக்கும் வெளிய வரமாட்டாரு. உள்ள இன்னா, ஆபீஸ் வேலையா பாக்கறாரு? நான் அவங்க ஹால்ல பக்கெட்ட வெச்சிகினு குந்திகினு இருப்பேன். லுப்னா டீ குடுப்பா. வர அவசரத்துல டீ வேற! மானம் போச்சு நைனா. அம்பத்தி ரெண்டு வயசுல, அடுத்த வூட்டு கக்கூசுக்கு வரிசைல குந்தற நெலம.

தோ, அந்த கம்பிய புடிச்சி பாரேன். கமோடு பக்கத்துல செவுத்துல, அது தான். நான் புடிச்சிகினு எழறதுக்காம். யார்டுல வெல்டிங் அடிக்கிறவராண்ட சொல்லி எவர்சில்வர் பைப்ப வளைச்சி எடுத்துகினு வந்தாரு. பஸ்ஸுல தொங்கற கம்பி மாரி இல்ல? நான் அப்டி தான் சொன்னேன், "டிக்கெட்டு யாரு கிழிப்பா"ன்னு. ...இல்ல, ஆட்டி பாக்காத, அது ஆடாது. என் எழுவத்தெட்டு கிலோ தொங்கினாலும் ஆடாது. அது ஒண்ணு தான் உருப்படியா பண்ணாரு. அத்தையும் சொல்லிடணும்ல.

அப்ப கூட பாரு, நோயலு கைல்லாம் ஓட்ட. சிமிட்டி தின்னுடுச்சி. கைக்கு ஒறை வாங்கி போட்டுக்கய்யான்னேன், ஒறைக்கு எரநூறு ரூவாயான்றாரு. வெரலு நுனியெல்லாம் குழி குழியா, செவந்து போய், சோறு பெசைய முடில. ஸ்பூன்ல சாப்ட்டாரு. நான் தான் தெனம் தேங்கா எண்ண தடவி வுடுவேன். தடவி வுட்டுகினே திட்டுவேன். "ஒண்ணே கால் லட்சம் கேட்டவன் கையெல்லாம் நல்லா தான் கீது, உன் கைய பாரு"ன்னு. தூங்கிடுவாரு அப்டியே குந்திகினே.

சரி, அப்பால ஞாயித்துக்கெழம வந்துச்சி. போன ஞாயிறு. சொன்னா நம்ப மாட்டே, மனுசன் அரக்கிலோ மைசூர்பா வாங்கிகினு வந்துட்டாரு. கக்கூசு தொறப்புக்கு! "லுப்னாவ கூப்டு, ஆவுடையம்மாவ கூப்டு, ஒரு மாசமா தொந்தரவு குடுத்துட்டோம்"ன்றாரு. தோ, இந்த ஹால்ல அல்லாரும் குந்திகினு, கைல மைசூர்பா. எர்ணாவூர்லேர்ந்து அவரு தங்கச்சி ரெஜி வேற வந்து நிக்கிறா. அவ எப்பவும் அண்ணன் பக்கம், அண்ணன் மண்ண தொட்டா பொன்னுன்னுவா. நான் தான் மொதல்ல போவணுமாம். எனுக்காக தானே கட்டினதுன்னு. எனுக்கு கூச்சம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். போனேன். கதவ சாத்திகினேன். குந்தினேன். யப்பா... ரெண்டு மாசத்துல மொத தபா என் சொந்த வூட்ல முட்டி வலிக்கல. நெசமா சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துச்சி எனுக்கு. அந்த கம்பிய புடிச்சிகினு எழுந்தேன், சொம்மா ஜம்முன்னு எழுந்தேன். டேங்குல அவரு தண்ணி ரொப்பி வெச்சிருந்தாரு, பிளஷ்ஷ அழுத்தினேன்.

மேல வருது! கீழ போறதுக்கு பதிலா மேல வருது நைனா! ஏசுவே, எப்டி சொல்லுவேன், வட்டமா சுத்திகினே ஏறுது, நான் பாத்துகினே நிக்கறேன், அதுலயே மிதிச்சிகினு போய் கதவ தொறக்கறதுக்குள்ள வழிஞ்சி ஹாலுக்கு வந்துடுச்சி. அத்தன பேர் மின்னாடி! ஆவுடையம்மா பொடவைய தூக்கிகினு படிக்கு ஓடறா, கைல மைசூர்பாவோட! எனுக்கு இன்னா பண்றதுன்னு தெரில. ஒடம்பு பத்திகினு எரியுது. பேசிட்டேன். வூட்டுக்குள்ள பேசியிருந்தாலும் பரவால்ல, அல்லாரும் படியாண்ட போய் நின்னாங்களா, நானும் அங்க போய் நின்னுகினு பேசிட்டேன். மூணு மாடிக்கும் கேட்டுச்சாம், லுப்னா சொன்னா.

இன்னா பேசினேன்னா... அதெல்லாம் இப்ப எதுக்கு? கோவத்துல வர்றது தானே. கையாலாகாதவன்னேன். ஓசி கமோடுன்னேன். அப்பால, "நீ தொட்டது ஒண்ணாவது வெளங்கிகிதா, அந்த கைய வெட்டி கடல்ல போடு"ன்னுட்டேன். அவரு குனிஞ்சி அவரு கையையே பாத்தாரு. கட்டு போட்டுகினு இருந்துச்சி ரெண்டு வெரலு. பாத்துட்டு உள்ள போனாரு, தொடப்பத்த எடுத்தாரு, ஹாலு முழுக்க கழுவி சுத்தம் பண்ணாரு, ஒரு வார்த்த இல்ல. சட்டய மாட்டிகினாரு. ரெஜி கூட படி எறங்கி போயிட்டாரு. நான் கதவாண்ட தான் நிக்கறேன், திரும்பி கூட பாக்கல.

போவட்டுமே! தங்கச்சி வூடு கீதுன்னு திமிரு தானே? எத்தினி நாளைக்கு வெச்சி சோறு போடுவா? வேலைக்கு அங்கேர்ந்தே போறாராம், லுப்னா வூட்டுக்காரு யார்டு வாசல்ல பாத்தாராம். நான் போன் பண்ணமாட்டேன். நான் இன்னா தப்பு பண்ணேன்? வேல தெரிலன்னா தெரிலன்னு ஒத்துகினு போவணும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அப்டி ஒரு காரணமாவது சொல்லணும், வாய மூடிகினு ஓடி போறதா? நாலு நாளா சோறாக்கி வெச்சிட்டு நானே தின்னுகினு கீறேன். ஒருத்திக்கு இன்னாத்த ஆக்கறது, அளவே தெரில, மீந்து மீந்து போவுது. காத்தால கொழாயில மெட்ரோ தண்ணி வந்துச்சின்னா அவரு தான் கீழ போய் பன்னெண்டு கொடம் தூக்கிகினு வருவாரு, வேலைக்கு போறதுக்கு மின்னாடி. இந்த நாலு நாளா லுப்னா புண்ணியத்துல ரெண்டு கொடம். ரெண்டு கொடத்துல நான் குளிப்பேனா, சமைப்பேனா, இதுல ஊத்துவேனா? அதுக்கு தான் சொல்றேன், இந்த ஏரியால பொறந்தவளுக்கு தண்ணியோட அருமைய எவனும் சொல்லிக்குடுக்க வாணாம். அரிசி கழுவின தண்ணி செடிக்கு, துணி தொவச்ச தண்ணி கக்கூசுக்கு. ஒரு சொம்பு வீணாப்போனா எனுக்கு நெஞ்சு அடச்சிகும்.

அட, வந்துடுச்சா? கமோடு தனியா வந்துடுச்சா! ஒரு கீறல் இல்லாம! பரவால்லியே நைனா, கில்லாடி தான் நீ. ஓரமா வையி, அந்த சாக்கு மேல. கைய உள்ள வுடறியா... ஐயே, வெறுங்கையிலயா... வளைவுலயா நிக்குது? எப்டி அவ்ளோ கரெக்டா சொல்றே? இன்னா கீது உள்ள? உளியால தட்டறியா? மெதுவா, டைல்ஸ் பேந்துடப்போவுது... 

வந்துடுச்சா? இன்னாத்த அது? ஏன் சாக்குல போடறே? காட்டு. பழைய பைப்பா? பழைய பைப்பு எங்கேர்ந்து வரும், அல்லாத்தையும் பேத்துட்டு புதுசு தானே போட்டாரு. காட்டுன்றேன்ல. அட குடுப்பா இங்க!

யப்பா, இன்னா கனம்! கல்லு... கல்லு மாரி கீது. வளஞ்சி... பைப்பு உள்ள எப்டி வளைஞ்சிகிதோ அப்டியே அச்சு... சிமிட்டி! இது சிமிட்டி தானே? ஹா! பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா! பைப்புக்குள்ள சிமிட்டிய கொட்டி வெச்சிட்டு, மேல கமோட வெச்சி, மைசூர்பா குடுத்துகிறாரு மனுசன்! இதுக்கு தானே வாய தொறக்காம ஓடினது! இரு, இத்த நான் வுடப்போறதில்ல. ரெஜி மூஞ்சிக்கு நேரா கொண்டு போய் காட்டறேன், "தோடி உன் அண்ணன் கைவேல"ன்னு. ஆவுடையம்மாவ கூப்டறேன், லுப்னாவ கூப்டறேன், அல்லாரும் வந்து பாக்...

இன்னா இது, நடுவுல? ரோஸ் கலரா...

நாரு. பாத்திரம் தேய்க்கிற நைலான் நாரு.

...இரு நைனா. ஒரு நிமிசம் இரு. இந்த ஸ்டூல கொஞ்சம் இந்தாண்ட தள்ளு.

இது என்னுது. இத்த ரெண்டு வாரமா தேடிகினு கீறேன். அவரு இத்த தொடவே மாட்டாரு. நான் தான்... சாயங்காலம் வேல முடிஞ்சா, சிமிட்டி சட்டி, கரண்டி, பக்கெட்டு அல்லாம் அழுக்கா கெடக்கும். அவரு ஒரு மாசமா ஒடம்ப போட்டு அடிச்சிகினு கீறாரு, நான் சொம்மா குந்திகினு பேசறேனே, நாமளும் எதுனா பண்ணலாம்னு, ஸ்டூல்ல குந்திகினு கழுவி வெப்பேன். "நீ கழுவாத சில்வியா, பக்கெட்ட நான் கீழ எடுத்துகினு போய் கொட்டறேன்"ன்னு சொன்னாரு. சொன்னாருப்பா. ரெண்டு தபா சொன்னாரு. ஆனா மேல தெளிஞ்சி நிக்குது, நல்ல தண்ணி மாரி, அத்த கீழ கொண்டு போய் மண்ணுல கொட்டறதான்னு எனுக்கு மனசு வரல. அவரு கடைக்கி போற சொல்ல, அந்த பைப்பு வாய்ல சாக்கு அடச்சி வெச்சிருப்பாரு, அத்த எடுத்துட்டு உள்ள ஊத்திடுவேன். நாத்தம் போவும், பைப்பும் கழுவினாப்புல ஆச்சின்னு. அடில இருக்கிறத கூட நாரால வழிச்சி வழிச்சி... திரும்ப சாக்க அடச்சிடுவேன். மூணு ஞாயிறு. தண்ணிக்குள்ள போனா சிமிட்டி கரஞ்சி ஓடிடும்னு நெனச்சேன். எறுகி கட்டியாவும்னு யாரு கண்டா?

நான் தான். அவரு இல்ல. நான் தான்.

நீ ஏன்பா இத்த சாக்குல ஒளிச்சே? ...மேல பாக்காத, என்னிய பாத்து சொல்லு. பாத்தவொடனே உனுக்கு சிமிட்டின்னு தெரியும், பழைய பைப்புன்னு ஏன் சொன்னே? கம்பி வுடாம, மோந்து கூட பாக்காம நேரா வளைவுல கை வெச்சே... இன்னா? தவசிமுத்து அனுப்பலியா? அப்ப நீ யாரு?

எர்ணாவூரா. ரெஜி வூட்டு எதிர்லயா.

அவரா அனுப்சாரு?

இன்னா சொல்லி அனுப்சாரு? முழுங்காத, சொல்லு. "சிமிட்டி கட்டி வளைவுல நிக்கும், கமோட ஒடைக்காம கழட்டு..." ம்ம். அப்பால? "எடுத்தவொடனே சாக்குல போட்டுடு. அவளாண்ட சிமிட்டின்னு சொல்லாத, பழைய பைப்பு துண்டு அடச்சிகினு இருந்துச்சின்னு சொல்லிடு."

அப்ப அவருக்கு தெரியும்.

எப்பலேர்ந்து? ...கடேசி ஞாயிறு கடைலேர்ந்து திரும்பி வந்த சொல்ல கதவாண்டயே பாத்தாரா? நான் ஊத்தறத? பாத்துட்டு இன்னா பண்ணாரு? ஒண்ணும் சொல்லல, இல்ல? ஆமா, சொல்லமாட்டாரு. அதனால தானா... சனிக்கெழம ராவரைக்கும் கம்பிய வுட்டு குத்திகினே இருந்தாரு நைனா! நான் இங்க குந்திகினு, "இன்னா, பாதாளத்துக்கு வழி தேடறியா"ன்னு கிண்டல் பண்றேன். ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி பாத்துட்டு, "போவுது சில்வியா"ன்னு சிரிச்சாரு. எனுக்காக குத்திகினு இருந்தாரா... கட்டு போட்ட வெரலோட...

படியாண்ட நின்னு அத்தன பேச்சு பேசினேனே. ஒரு வார்த்த, "ஊத்தினது நீ"ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அல்லாரும் திரும்பி என்னிய பாத்து சிரிச்சிருப்பாங்க. அதுக்கோசரமா சொல்லல? அந்த கைய வெட்டி கடல்ல போடுன்றேன், குனிஞ்சி கைய பாக்கறாரு... வாய் இல்லியா அந்த மனுசனுக்கு! முப்பது வருசமா எனுக்கும் சேத்து ஒருத்தன் வாய மூடிகினு கீறான், நான் அவர ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சிகினு கீறேன். என்னிய செருப்பால அடிக்கணும்.

இல்ல, நான் அழல. பினாயிலு கண்ணுல பட்டுடுச்சி... அழறேன்பா, அழுதா இன்னா இப்ப?

தள்ளு. வழிய வுடு. சொல்லாதன்னு உன்னாண்ட தான் சொன்னாரு, என்னாண்ட சொல்லல.

ஏ லுப்னா! கதவ தொற! ஆவுடையம்மா! மேல கீறியா? வெளிய வா, கைப்புடிய புடிச்சிகினு எட்டிப்பாரு! ஞாயித்துக்கெழம இதே படில நின்னு நான் பேசினத கேட்டீங்கல்ல? இத்தையும் கேட்டுக்கங்க. பைப்ப அடச்சது நோயலு இல்ல. நான்! சிமிட்டி கழுவின தண்ணிய நான் தான் ஊத்தினேன், அவரு ஊத்தாதன்னு சொல்லியும் ஊத்தினேன், தோ பாரு கட்டி, தோ பாரு என் நாரு! அவரு வேலைல ஒரு கொறையும் இல்ல. கமோடு நல்லா கீது, கம்பி நல்லா கீது, டால்பினும் நல்லா தான் கீது! இன்னா லுப்னா, சிரிக்கறியா? சிரி. வயிறு வலிக்க சிரி. அவரு படி ஏறி வர்ற சொல்ல மட்டும் எவளும் சிரிக்கக்கூடாது, சொல்லிட்டேன்.

நைனா, எங்க நழுவறே? பைய வெச்சிட்டு மொதல்ல அந்த கமோட திரும்ப வெச்சி பூசு. ...வாணாம், அப்பால வந்து பூசிக்க. வண்டி கீதா? பைக்கா? பரவால்ல, ஒருபக்கமா குந்திக்குவேன். போன்லாம் வாணாம், போன்ல அவரு ம்ம்னு சொல்லி வெச்சிடுவாரு. நேர்ல போய் நிக்கணும். லுப்னா, வூட்ட பாத்துக்க, அடுப்புல ஒண்ணும் இல்ல.

டாக்டரு கெடக்கறாரு. கைய குடு. மெதுவா... இரு, மொதல்ல இந்த கால வெக்கறேன். யம்மா... ஒண்ணும் இல்ல, நீ எறங்கு. ரெண்டு மாசமாச்சில்ல, படி உயரமா தெரியுது. 

நாலு நாளா அங்க இன்னா சாப்ட்டாரு? கைப்புண்ணு ஆறிடுச்சா? எண்ண யாரு போடறா? என்னிய பத்தி எதுனா கேட்டாரா உன்னாண்ட, இல்ல ரெஜியாண்டயாவது? மொதல்லேர்ந்து சொல்லு நைனா, அவரு வந்து உன் கதவ தட்டினதுலேர்ந்து. நான் நடுவுல பேசல. நீ சொல்லு, எர்ணாவூர் வரைக்கும் நான் கேட்டுகினு வரேன்.